சீக்கிரம் பூக்கும் கலப்பினக் கொச்சிக்காய்: வீட்டில் நட்டு எடைபோட்டுப் பார்க்கிறவர்கள் கேட்பவை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் வளவிலும் பைகளிலும் எஃப் 1 கொச்சிக்காய் (மிளகாய்) நடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. எஃப் 1 என்பது தெரிந்தெடுத்த இரண்டு பெற்றோர் வழிகளைக் கலந்து பெற்ற முதல் தலைமுறை விதை. இங்கே சொல்லும் அளவுகள் 15 லீற்றர் மண் பிடிக்கும் ஒரு பைக்கு ஒரு கன்று என்ற கணக்கில் உள்ளவை.

பைக்கற்றில் "30 நாளில் பூக்கும்" என்று போட்டிருக்கிறார்கள். எந்த நாளிலிருந்து எண்ணுவது?

நாற்றை இடம்மாற்றி நட்ட நாளிலிருந்து. விதை போட்ட நாளிலிருந்து எண்ணிவிட்டு "ஏமாற்றிவிட்டார்கள்" என்பவர்கள் நிறையப்பேர். நாற்று மேடையில் நாலு கிழமை, நட்டபின் நாலு கிழமை, ஆகவே விதையிலிருந்து பூவுக்கு 55 முதல் 60 நாள். அதையே விரைவு என்கிறோம்.

கொச்சிக்கன்று முதலில் நேராக ஒரு தண்டாக வளரும். எட்டு முதல் பன்னிரண்டு இலை விட்டதும் உச்சி இரண்டாகவோ மூன்றாகவோ கவராகப் பிரியும். அந்தக் கவரின் நடுவில்தான் முதல் மொட்டு. சீக்கிரம் பூக்கும் இனம் குறைந்த இலையிலேயே கவர் விட்டுவிடும். பகல் நீளத்துக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. எங்கள் பக்கத்தில் பகல் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 12 மணித்தியாலம்தானே. பூப்பதைத் தள்ளிப்போடுவது குளிரும் நிழலும், வேர் நெருக்கமும், யூரியா கூடிப்போவதும்.

எப்போது விதை போடலாம்?

தைப்பொங்கல் கழிந்த கையோடு. தை 20 வாக்கில், அதாவது பெப்ரவரி தொடக்கத்தில் போடுகிறவர்களும் உண்டு. ஆனால் ஜனவரி 20ஆம் திகதியை வைத்துக் கணக்குப் பாருங்கள்: பெப்ரவரி 17இல் நடலாம், மார்ச் 19 அளவில் பூ, காய் பச்சையாகப் பறிக்கும் பருவத்துக்கு வர இன்னும் நாலு கிழமை, ஆக சித்திரை வருசப் பிறப்பை ஒட்டிச் சம்பலுக்குக் காய் இருக்கும். மாரி மழை ஓய்ந்து, தென்மேற்குக் கச்சான் காற்று தொடங்கமுன் உள்ள மார்ச் முதல் மே வரையான அந்த மூன்று மாதம்தான் இங்கே கொச்சிக்குப் பொன்னான காலம். விரைவாகப் பூக்கும் இனத்துக்குப் பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது என்றால் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

ஓகஸ்ட் கடைசியில் விதை போட்டால் பூவும் நவம்பர் மழையும் ஒன்றாக வரும். தாழ்வாரத்தில் பை வைத்திருப்பவர்கள் செய்து பார்க்கலாம். வெறும் வளவில் வேண்டாம்.

விதை இளஞ்சிவப்பாக இருக்கிறது. கழுவிவிட்டுப் போடலாமா?

கழுவக்கூடாது. அது பூஞ்சணக்கொல்லிப் பூச்சு. கையுறை அல்லது சொப்பின் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். மிஞ்சியதைக் கோழிக்குப் போடவே கூடாது.

நாற்று எப்படிப் போடுவது?

குழித்தட்டு இருந்தால் நல்லது. இல்லையேல் யோகட் கப்பின் அடியில் மூன்று ஓட்டை போட்டால் போதும். தும்புத்தூள் இரண்டு பங்கு, சலித்த கூட்டெரு ஒரு பங்கு. தும்புத்தூளை முதலில் இரண்டு தரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். தும்பு ஊறப்போட்ட இடம் உப்புத்தண்ணீர் என்றால் தூளிலும் உப்பிருக்கும், முளை கருகும்.

அரை சென்றிமீற்றர் ஆழம், கப்புக்கு ஒரு விதை. ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் முளைக்கும். முளைத்த அன்றே வெயிலுக்கு மாற்றுங்கள். இரண்டு நாள் நிழலில் கிடந்தாலே தண்டு நூலாகிவிடும். நிலமட்டத்தில் தண்டு நைந்து சாய்ந்தால் அது அடியழுகல். தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம். மேல்மண் வெளிறினால் மட்டும் காலையில் தண்ணீர் விடுங்கள், பின்னேரத்தில் வேண்டாம்.

எந்தப் பை, என்ன மண்?

50 கிலோ உரப்பையைப் பாதியாக மடித்துச் சுருட்டினால் 15 லீற்றர் தாராளமாகப் பிடிக்கும். அடியிலும், அடியிலிருந்து நாலு விரல் உயரத்திலும் ஓட்டை போடுங்கள். மேல்மண், உக்கிய மாட்டெரு, தும்புத்தூள் மூன்றும் சமபங்கு.

வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையில் மண் என்பதே மணல். கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடிப் பக்கம் மேல்மண்ணுக்குப் பதில் மணல் போடுகிறவர்கள் எருவை ஒன்றரைப் பங்காக்குங்கள். சம்மாந்துறை வயல்மண் இதற்கு நேர்மாறு. களி, ஒட்டும், தண்ணீர் தேங்கும். அதில் மண் அரைப் பங்கு, கரியாக்கிய உமி அரைப் பங்கு. எரு உக்கிவிட்டதா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து மணந்து பாருங்கள். மாட்டுச்சாண மணம் இருந்தால் இன்னும் உக்கவில்லை. மழை பெய்த மண்ணின் மணம் வரவேண்டும்.

நாற்று கப்பிலேயே மொட்டு விட்டுவிட்டது. நல்ல அறிகுறியா?

இல்லை. வேர் சுற்றிச் சுற்றிக் கப்பை நிறைத்துவிட்டது, கன்று பயந்துபோய்ப் பூக்கிறது. 25 முதல் 30 நாளில், ஐந்தாறு இலையோடு நட்டிருக்கவேண்டும். மொட்டைக் கிள்ளிவிட்டு அடிவேரைக் கொஞ்சம் உதறி உடனே நடுங்கள். மதிப்பீடு செய்கிறவர்கள் இந்தக் கன்றைக் கணக்கில் சேர்க்கக்கூடாது, பூத்த நாள் பொய்சொல்லும்.

முதல் கவரில் வரும் பூவைக் கிள்ளவேண்டுமா?

கன்று ஒரு சாணுக்குக் குறைவாக இருந்தால் கிள்ளுங்கள். அந்த ஒரு காய் கவரில் உட்கார்ந்துகொண்டு மேலே போகிற சாப்பாட்டை எல்லாம் வாங்கிக்கொள்ளும், கன்று குட்டையாகவே நின்றுவிடும். முழங்கால் உயரத்துக்கு வந்த கன்றில் கிள்ளுவதால் பெரிய லாபமில்லை. எதைச் செய்தாலும் எல்லாக் கன்றுக்கும் ஒரே மாதிரிச் செய்யுங்கள். பூத்த திகதியைக் குறித்தபிறகு கிள்ளுங்கள்.

பூ நிறைய வருகிறது, எல்லாம் கொட்டுகிறது. ஏன்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். பூ வருவது வேறு, காய் பிடிப்பது வேறு. சீக்கிரம் பூக்கும் இனம் பூவைத்தான் உறுதிசொல்கிறது.

காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் அன்று விரிந்த ஒரு பூவைப் பாருங்கள். வெள்ளை இதழுக்கு நடுவில் நீலங்கலந்த ஊதா நிறத்தில் ஐந்தாறு மகரந்தப் பைகள் இருக்கும். அவை நீளவாக்கில் வெடித்து மா போன்ற தூள் தெரியவேண்டும். கறுப்புத் துணியில் பூவைத் தட்டினால் தூள் படியும். பை வெடிக்காமல் மூடியே இருந்தாலும், வெடித்தும் தூள் இல்லையென்றாலும் சூடுதான் காரணம். பகல் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கெடும். இரவிலும் 25 பாகைக்குக் கீழே இறங்காத நாட்களில் பிஞ்சு பிடிப்பது குறையும். யூன், யூலையில் எங்கள் பக்கம் இரண்டும் சேர்ந்தே நடக்கும். கச்சான் தென்மேற்கிலிருந்து அடிப்பதால் மேற்கிலும் தெற்கிலும் ஆளுயரத்துக்குக் கிடுகு மறைப்புக் கட்டுங்கள். உச்சிவெயிலுக்கு 30 சதவீத நிழல்வலை போதும். 50 சதவீத வலை கட்டினால் பூவே குறைந்துவிடும்.

தூள் நன்றாக இருந்தும் பூ கொட்டினால் தண்ணீரைப் பாருங்கள். ஒருநாள் காய்ந்து மறுநாள் குளித்த பை பூவை உதிர்க்கும். இலை கரும்பச்சையாகக் கைப்பிடி அகலத்துக்கு இருந்தால் யூரியா மிஞ்சிவிட்டது. மூன்று கிழமைக்கு நிறுத்துங்கள். காற்றே இல்லாத தாழ்வாரத்தில் மட்டும் காலையில் கன்றை விரலால் சுண்டிவிடுங்கள். கொச்சிப்பூ தன்மகரந்தத்தாலேயே காய்க்கும், தேனீ வந்தே ஆகவேண்டும் என்றில்லை.

கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சவர். விடலாமா?

கொச்சி உப்புக்கு நொந்த பயிர். குடிக்கும்போதே சவர் தெரிந்தால் அது கன்றுக்குக் கூடிய உப்பு. இலை ஓரம் கருகுவதும், பையின் வெளிப்புறத்தில் வெள்ளைப் பூச்சு படிவதும் அடையாளம். உன்னிச்சைக் குளத்துக் குழாய்த்தண்ணீர் வருகிற வீட்டில் அதை விடுங்கள். கிணறு மட்டும்தான் என்றால் பத்து நாளுக்கு ஒருதரம் அடியால் ஓடுமட்டும் வெளியிலிருந்து எடுத்த நல்ல தண்ணீர், பைக்கு 10 லீற்றர், ஊற்றி உப்பைக் கழுவுங்கள். தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மேலேயே தங்கும்.

வழமையான அளவு: நட்ட முதல் மாதம் ஒரு நாளைக்கு அரை லீற்றர், காய்க்கும்போது ஒன்று முதல் ஒன்றரை, கச்சான் நாளில் அதையே காலையும் மாலையுமாகப் பிரித்து.

பசளை எவ்வளவு?

நடமுன் மண்ணோடு ரி.எஸ்.பி. (பொசுபரசுப் பசளை) ஒரு தேக்கரண்டி, டொலமைற் (சுண்ணாம்புக்கல் தூள்) ஒரு மேசைக்கரண்டி. நட்டு இரண்டு கிழமையில் யூரியா அரைத் தேக்கரண்டி, அது ஏறக்குறைய 2 கிராம். பிறகு இரண்டு கிழமைக்கு ஒருதரம் அதே அளவு. மொட்டு தெரிந்ததிலிருந்து அதோடு எம்.ஓ.பி. (பொட்டாசியப் பசளை) அரைத் தேக்கரண்டி. தண்டில் படாமல் பையின் ஓரமாக வட்டமாகப் போட்டு மண்ணைக் கிளறித் தண்ணீர் விடுங்கள். மாதம் ஒருதரம் இரண்டு கைப்பிடி கூட்டெரு. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்ட மாதங்களில் எருவை மட்டும் நம்பியவர்களுக்குத் தெரியும்: எருவோடு மட்டும் கொச்சி காய்க்கும், ஆனால் கலப்பினம் அதன் வேகத்தைக் காட்டாது. இந்த இனங்கள் நல்ல சாப்பாட்டை எதிர்பார்த்தே உருவாக்கப்பட்டவை.

காயின் நுனி தோல்போலக் காய்ந்து கறுத்தால் கல்சியம் ஏறவில்லை. பெரும்பாலும் அது தண்ணீர் ஒழுங்கின்மைதான். முட்டைக்கோது போட்டு அடுத்த கிழமையே குணமாகும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது உக்க மாதக்கணக்காகும்.

இலை சுருள்கிறது. என்ன அடிப்பது?

மருந்தைக் கேட்கமுன் எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். கடைக்குப் போய் "இலைச்சுருளலுக்கு ஒன்று தாங்கோ" என்றால் கையில் கிடைப்பதைத்தான் தருவார்கள். சுருளலுக்குக் காரணம் மூன்று, செய்யவேண்டியதும் மூன்று விதம்.

ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு இலை தோணிபோல நின்றால் பனிப்பூச்சி. ஒரு பூவை வெள்ளைத்தாளில் தட்டுங்கள். ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் வெளிர்மஞ்சளாகவோ கறுப்பாகவோ நூல்துண்டு மாதிரி ஓடும். கச்சான் காலத்தில் இது பெருகும்.

ஓரங்கள் கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலை ஒடுங்கி நீண்டு, அடிப்பக்கம் எண்ணெய் தடவியதுபோல மினுங்கினால் சிற்றுண்ணி. கண்ணுக்குத் தெரியாது. குருத்தில்தான் முதலில் காட்டும்.

இலை சிறுத்துத் தடித்து, நரம்பிடை மஞ்சளாகி, கன்று முழுவதும் கொத்தாகக் குறுகினால் வைரசு. வெண் ஈ கொண்டுவருகிறது. இதற்கு மருந்தே கிடையாது. பிடுங்கிப் பையில் கட்டி எரியுங்கள். மனம் வராமல் வைத்திருந்தால் மற்றக் கன்றுகளுக்கும் போகும்.

பனிப்பூச்சிக்கும் வெண் ஈக்கும்: ஒரு லீற்றர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லிலீற்றர், பாத்திரம் கழுவும் திரவம் 1 மில்லிலீற்றர். முதலில் எண்ணெயையும் சவர்க்காரத் திரவத்தையும் ஒரு கப் இளஞ்சூட்டுத் தண்ணீரில் நன்றாக அடித்துப் பால்போல ஆக்குங்கள், பிறகு மீதித் தண்ணீரைச் சேருங்கள். நேரே வாளியில் ஊற்றினால் எண்ணெய் மிதக்கும், கடைசியில் நிற்கும் கன்று அத்தனை எண்ணெயையும் வாங்கிக் கருகும். வெயில் சாய்ந்தபின், இலையின் அடிப்பக்கம் நனைய, ஐந்து நாளுக்கு ஒருதரம் மூன்று முறை. சிற்றுண்ணிக்கு நனையும் கந்தகம் லீற்றருக்கு 2 கிராம், காலைக் குளிரில். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு கிழமைக்குள் கந்தகம் அடித்தால் இலை வெந்துவிடும்.

குணமானதா என்பதைப் பழைய இலையில் பார்க்காதீர்கள். சுருண்ட இலை சுருண்டதுதான். அடித்தபின் வந்த புதுக்குருத்து நேராக இருந்தால் போதும்.

நேற்று நன்றாக நின்ற கன்று இன்று பச்சையாகவே வாடிவிட்டது.

அடித்தண்டை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வெட்டுமுகம் மட்டும் முட்டும்படி தொங்கவிடுங்கள். ஐந்து பத்து நிமிடத்தில் வெட்டிலிருந்து வெள்ளைப் புகைபோல நூல்நூலாக இறங்கினால் பக்றீரியா வாடல். கன்றோடு மண்ணையும் அப்புறப்படுத்துங்கள். அந்த மண்ணில் தக்காளியும் கத்தரியும் கூட நடவேண்டாம். புகை இறங்கவில்லையென்றால் பையின் ஓட்டை அடைபட்டு வேர் அழுகியிருக்கும், குச்சியால் குத்திப் பாருங்கள்.

இந்த இனம் நல்லதா இல்லையா என்று வீட்டிலேயே எப்படித் தீர்மானிப்பது?

ஒரு கன்றை நட்டுப் பார்த்து முடிவெடுக்கக்கூடாது. ஆறு கன்று கலப்பினம், ஆறு கன்று நீங்கள் வழமையாக நடுகிற இனம். கே.ஏ. 2, எம்.ஐ. 2 போன்ற விவசாயத் திணைக்கள இனம் எதுவானாலும் சரி. திணைக்களமே வெளியிட்ட உள்ளூர்க் கலப்பினம் எம்.ஐ.சி.எச். எச்.வை. 1 கிடைத்தால் அதையும் ஒரு ஆறு வையுங்கள். ஒரே நாளில் விதை, ஒரே மண், ஒரே பை. கலப்பினம் எல்லாம் வெயில் பக்கம், மற்றது எல்லாம் மதில் பக்கம் என்று வைத்தால் நீங்கள் மதிப்பிடுவது மதிலைத்தான். ஒன்றுவிட்டு ஒன்றாகக் கலந்து வரிசைப்படுத்தி, பையில் பெயின்ற்றால் இலக்கம் போடுங்கள்.

ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதவேண்டியவை: போட்ட விதை எத்தனை, முளைத்தது எத்தனை, நட்ட திகதி, ஒவ்வொரு கன்றும் முதல் பூ விரித்த திகதி, ஒவ்வொரு பறிப்பிலும் காயின் எண்ணிக்கையும் எடையும். ஆறில் மூன்று கன்று பூத்த நாளைத்தான் அந்த இனத்தின் பூக்கும் நாளாக எடுக்கவேண்டும். முதலில் அவசரப்பட்ட ஒன்றை வைத்துப் பேசக்கூடாது.

இதில் இன்னொன்றும் தெரியவரும். உண்மையான எஃப் 1 என்றால் ஆறு கன்றும் அண்ணன் தம்பி இரட்டையர் மாதிரி இருக்கும், நாலைந்து நாள் இடைவெளிக்குள் பூத்துவிடும். ஒன்று 26ஆம் நாளிலும் ஒன்று 45ஆம் நாளிலும் பூத்து, ஒன்றின் காய் மேல்நோக்கியும் மற்றதன் காய் தொங்கியும் இருந்தால் பைக்கற்றுக்குள் இருந்தது வேறேதோ.

எடையைத் தனித்தனிப் பறிப்பாகப் பார்க்காமல் கூட்டிக்கொண்டே போங்கள். எடுத்துக்காட்டுக்கு, ஆறு கன்றின் மொத்தம் நட்ட 60ஆம் நாளில் கலப்பினம் 540 கிராம், பழைய இனம் 150 கிராம் என்று வைப்போம். 120ஆம் நாளில் 2400, 2100. 180ஆம் நாளில் 2700, 3300. இதில் எது நல்லது? ஓகஸ்ட் வரை கன்றைக் காப்பாற்றி வைக்க நல்ல தண்ணீரும் நிழலும் உள்ளவருக்குப் பழைய இனம். மே முடிய வெயிலில் எல்லாம் போய்விடுகிற மணல் வளவுக்காரருக்குக் கலப்பினம். 60ஆம் நாள் எடையை மட்டும் படமெடுத்துக் காட்டுகிறவரை நம்பவேண்டாம்.

உறைப்பை அளக்க வழி உண்டா?

1912இல் அமெரிக்க மருந்தாளர் ஸ்கோவில் செய்ததும் வாயால் அளந்ததுதான், சீனித்தண்ணீரில் கலந்து கலந்து. எங்களுக்குச் சம்பல் போதும். தேங்காய்ப்பூ 100 கிராம், கொச்சிக்காய் 5 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டிக்குக் குறைவு. தேசிக்காயும் வெங்காயமும் சேர்க்காதீர்கள், அவை உறைப்பை மறைக்கும். இரண்டு இனத்துக்கும் தனித்தனியாக அம்மியில் ஒரே அளவு இடித்து, எது எது என்று சொல்லாமல் மூன்று நாலு பேருக்குச் சோற்றோடு கொடுங்கள். இரண்டுக்கும் நடுவே பத்து நிமிடம் விட்டு ஒரு வாய் தயிர். ஒரே வயதுக் காயாக இருக்கவேண்டும், உறைப்பு விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வில்தான் இருக்கிறது, காய் முற்ற அது கூடும். தண்ணீர் காட்டாமல் வைத்த கன்றின் காயும் கூட உறைக்கும். ஆகவே முதல்நாள் எல்லாப் பைக்கும் தண்ணீர் விட்டிருக்கவேண்டும்.

நல்ல காயிலிருந்து விதை எடுத்து வைக்கலாமா?

எடுக்கலாம், முளைக்கும். ஆனால் தாயைப்போலப் பிள்ளை வராது. அடுத்த தலைமுறையில் பண்புகள் பிரிந்துபோகும்: ஒன்று விரைவாகப் பூக்கும், ஒன்று பிந்தும், ஒன்று உறைக்காது. பத்துக் கன்றுக்குமேல் இடம் உள்ளவர்கள் ஆசைக்கு நட்டுத் தெரிவுசெய்து பார்க்கலாம். சமையலுக்குக் காய் வேண்டும் என்பவர்கள் புதிதாக விதை வாங்குவதே மேல்.

பைக்கற்றில் பாதி விதை மிஞ்சிவிட்டது.

கடதாசியில் சுற்றி, ஒரு மேசைக்கரண்டி வறுத்து ஆறிய அரிசியோடு இறுக்கமூடும் போத்தலில் போட்டு, பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைபெட்டியில் வேண்டாம். போத்தலை வெளியே எடுத்தால் அறைச்சூட்டுக்கு வந்தபின் திறவுங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் படியும். அடுத்த தையில் நடமுன் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றிப் பாருங்கள். பத்தாம் நாளுக்குள் ஏழு முளைத்தால் கப்புக்கு ஒன்று, ஐந்தென்றால் கப்புக்கு இரண்டு.